இரண்டு லிட்டர் சட்டமும் வீட்டு நிலவறையும்: பெல்ஜிய பீர் ரசனை குறித்துச் சில கேள்விகள்

பீரைப் பற்றி ஒரு கட்டுரை என்றதும் நம் தோழர்களில் ஒரு சாரார் முகத்தைச் சுளிப்பார்கள். இன்னொரு சாரார் லேசாகச் சிரித்துவிட்டு, 'இதுக்கெல்லாம் கட்டுரையா, குடிச்சோமா போனோமான்னு இல்லாம' என்பார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவைதான். குடி என்பது ஒழுக்கப் பிரச்சினை, இல்லையென்றால் அவரவர் சொந்த சமாச்சாரம். எப்படியானாலும் சிந்திப்பதற்குரிய பொருள் அல்ல என்ற முடிவு இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. ஆனால் 'ரசனை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் விமர்சனம் எவ்வளவு காலம் மல்லுக்கட்டியிருக்கிறது! க.நா.சு. போட்ட பட்டியல்களுக்கும் அவற்றுக்கு முற்போக்கு முகாமிலிருந்து வந்த மறுப்புகளுக்கும் இடையில் ஒரு தலைமுறையே விமர்சனம் பழகியது. 'நல்லா இருக்கு, எனக்குப் பிடிக்கிறது' என்று ஒருவன் சொல்லும்போது அங்கே பேசுவது அவன் நாக்கா, அவன் வர்க்கமா? இந்தக் கேள்வியை நாம் இலக்கியத்தோடு நிறுத்திக்கொண்டோம். நாக்கே நேரடியாகச் சம்பந்தப்படும் ஒரு பொருளில் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொள்ளும் பொருள் பெல்ஜிய பீர். குறிப்பாக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தனி மனித வகையாகவே உருவாகியிருக்கும் வீட்டுச் சேகரிப்பாளன். அவன் குடிகாரன் அல்ல; அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வான். நிலவறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ இருட்டான ஓர் அலமாரி வைத்திருக்கிறான். போத்தல்களை ஆண்டுவாரியாக அடுக்குகிறான், குறிப்பேட்டில் பதிகிறான், சிலவற்றைப் பத்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்கிறான். கென்ட் நகரில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படியொரு அலமாரியைப் பார்த்திருக்கிறேன். ஓரமாய் இருந்த ஒரு போத்தலைக் கையில் எடுத்ததும், 'அத வையி, அது 2012' என்றார். ஏதோ கைக்குழந்தையை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பதற்றம்.

முதலில் அந்தப் பதற்றத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாம் பீர் என்று அறிந்திருப்பது பெரும்பாலும் ஆலை லாகர்: வடிகட்டி, ஈஸ்டைக் கொன்று, எந்த ஊரில் எந்த மாதத்தில் திறந்தாலும் ஒரே ருசி தரும்படி செய்யப்பட்ட திரவம். பெல்ஜிய மரபின் முக்கியமான பீர்கள் பலவற்றில் ஈஸ்ட் உயிரோடு போத்தலுக்குள் போகிறது. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்று உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அடியில் படிவது அந்த ஈஸ்ட்தான். அதனால்தான் ஊற்றும்போது கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிட வேண்டும் என்றும், திறப்பதற்கு ஒரு நாள் முன்பே போத்தலை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். வெளிச்சம் ஆகாது, ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருளை ஒளி உடைத்து நாற்றமெடுக்க வைக்கும். சூடு ஆகாது, 12, 13 பாகையில் இருந்தால் நல்லது. எல்லா பீரும் முதிர்வதற்கு உரியவையும் அல்ல. ஹாப்ஸ் வாசத்தை நம்பி நிற்கும் மென்மையான பீரை வருஷக்கணக்கில் வைத்தால் ஈர அட்டைப்பெட்டி வாசம்தான் மிஞ்சும். ரோஷ்ஃபோர் 10 (11.3 சதவீதம்), சிமேயின் நீலப் போத்தல் போன்ற கறுத்த, கனத்த பீர்களோ உலர்ந்த அத்தி, பேரீச்சை, பழைய ஒயின் என்று வேறொன்றாக மாறிக்கொண்டு போகும். சிமே தன் நீலப் போத்தலில் ஆண்டைக் குறித்தே விற்கிறது.

இவற்றுள் ஓர்வால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெல்ஜியத்தின் தென்கோடியில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் உள்ள மடம் அது. 1793-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் அதை எரித்தன. 1926-ல் மறுகட்டுமானம் தொடங்கியது. அதற்குப் பணம் திரட்ட 1931-ல் பீர் ஆலை வைத்தார்கள். வெளியே விற்பது ஒரே ஒரு வகை பீர், 6.2 சதவீதம். அடைக்கும்போது ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். புதிதாக வந்த ஓர்வாலில் ஹாப்ஸின் கசப்பும் பூவாசமும் தூக்கலாக இருக்கும். ஆறு மாதம் போனால் கசப்பு பின்வாங்கும். ஓராண்டு கழிந்தால் தோல், வைக்கோல், மாட்டுத்தொழுவம் என்று சொல்லத்தக்க ஒரு நெடி மேலெழும். போத்தலில் அடைத்த தேதி அச்சிட்டிருக்கிறது. பெல்ஜியத்தின் சில மதுக்கடைகளில் 'இளசா, முதிர்ந்ததா' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரே பெயர், ஒரே லேபிள். திறக்கிற நாளைப் பொறுத்து வேறு வேறு பீர். பிரதி என்பது முடிந்துபோன பொருள் அல்ல, வாசிப்பில்தான் ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது என்று நாம் தத்துவம் பேசிக்கொண்டிருந்ததை ஒரு காட்டு ஈஸ்ட் சும்மா செய்துகாட்டிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் மேட்டிமை என்று ஒதுக்க முடியாது. உலகத்தின் எல்லாப் போத்தல்களும் ஒரே ருசியில் இருக்க வேண்டும் என்று மூலதனம் விரும்பும் காலத்தில், மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைக் கவனித்து, அந்த மாற்றத்துக்குப் பெயர் வைத்துப் பேசுவது ஒரு அறிவுச் செயல்தான். இதை ஒத்துக்கொண்ட பிறகே மற்றவற்றைக் கேட்க நமக்கு உரிமை.

*

வால்டர் பெஞ்சமின் 1931-ல் தன் நூலகத்தைப் பெட்டியிலிருந்து பிரித்து அடுக்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருள்களைப் பயன்பாடு என்ற கொத்தடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறவனாகச் சேகரிப்பாளனைப் பிற்பாடு அவர் பார்த்தார். புத்தகத்துக்கு இது பொருந்தும். படிக்காத புத்தகமும் அலமாரியில் புத்தகம்தான். 'எழுத்து' இதழ்களின் முழுத்தொகுதியை பைண்டு செய்து வைத்துக்கொண்டு யாருக்கும் இரவல் தராத நண்பர்களை நமக்குத் தெரியும். அந்தத் தொகுதி அவருக்குப் பிறகும் இருக்கும், யாராவது படிப்பார்கள். பீர் அப்படியில்லை. அதற்குச் சாவு உண்டு. எந்தப் பீரும் ஒரு உச்சத்தைத் தொட்டபின் சரியத்தான் வேண்டும், அந்த உச்சம் எப்போது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. திறந்தால்தான் தெரியும். திறந்தால் சேகரிப்பில் ஒன்று குறைந்துபோகும். 2012-ஐ வைத்திருப்பவனுக்கு 2012 எப்படி இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொண்டவனிடம் 2012 இல்லை. பண்டத்தின் பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் இப்படி ஒரு தக்கைக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொள்ளும் காட்சி வேறெங்கும் இவ்வளவு துலக்கமாகக் கிடைக்காது. பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொன்றிலும் பல போத்தல் வாங்குவது. ஆண்டுக்கு ஒன்றைத் திறப்பது, மிச்சத்தை வைப்பது. அதற்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், வாடகை வீட்டை மாற்றிக்கொண்டே இருக்காத வாழ்க்கை வேண்டும்.

இங்கேதான் வீடு என்ற கேள்வி வருகிறது. வீட்டில் முதிர்ந்த பீர் வைத்துக் குடிப்பது என்பது ஏதோ காலங்காலமான பெல்ஜிய வழக்கம் போல இப்போது பேசப்படுகிறது. வரலாறு அவ்வளவு நேரானதல்ல. வீட்டோடு பீருக்கு உள்ள பழைய உறவு காய்ச்சுவதில்தான் இருந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் அது சமையலைப் போலப் பெண்களின் அன்றாட வேலை. தொழில் பெருகி, லாபம் வந்து, வினைஞர் குழுக்கள் இறுகியபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும் பீர் அடுப்படிக்கு வரவில்லை. ஆண்களின் அலமாரிக்கு வந்திருக்கிறது.

சேகரிப்பு இருந்த இடமும் வேறு. பிரஸ்ஸல்ஸ் நகரத்தையும் அதன் தென்மேற்கே சென் ஆற்றுப் பக்கத்துக் கிராமங்களையும் சேர்ந்த லாம்பிக் பீரை எடுத்துக்கொள்வோம். பார்லி மால்ட்டும் முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாறை அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஓர் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கூரை மரத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் தாமாக இறங்கி நொதிக்க வைக்கும். அதனால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையான குளிர்காலத்தில்தான் காய்ச்ச முடியும். பிறகு ஓக் பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள். மூன்று வயதையும் கலந்து போத்தலில் அடைத்தால் கெஸ் என்ற நுரைக்கும் புளிப்பு பீர். இந்தக் கலவையைச் செய்தவர்கள் எல்லோரும் காய்ச்சுபவர்கள் அல்லர். காய்ச்சியவரிடமிருந்து லாம்பிக்கை வாங்கி, தங்கள் நிலவறையில் முதிரவைத்து, சொந்தமாகக் கலந்து, மேலே தங்கள் கடையில் ஊற்றிக் கொடுத்தார்கள் மதுக்கடைக்காரர்கள் பலர். அதாவது நிலவறை இருந்தது, முதிர்ச்சி இருந்தது, ஆண்டுக்கணக்கு இருந்தது. ஆனால் அது தெருவோரக் கடையின் நிலவறை. கூலி வாங்கிக்கொண்டு வந்தவன் மூன்று வருஷக் காத்திருப்பைச் சில காசுக்கு வாங்கிக் குடித்தான். மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறலைப் பற்றிச் சங்கப் பாட்டுகள் பேசும்போதும் அது ஊருக்கு ஊற்றும் காட்சியாகத்தான் வருகிறது என்பது தமிழ் படித்தவனுக்கு இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

அந்தக் கடை வெறும் குடிக்கிற இடமும் அல்ல. பிரஸ்ஸல்ஸின் பெருஞ்சதுக்கத்தில் பீர் காய்ச்சுவோர் குழுவின் பழைய மாளிகை இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டடம் 'அன்னம்'. 1845 முதல் 1848 வரை மார்க்ஸ் பிரஸ்ஸல்ஸில் இருந்தபோது ஜெர்மன் தொழிலாளர் சங்கத்தார் கூடிய இடம் அந்த அன்னம் மதுக்கடை. 1885-ல் பெல்ஜியத் தொழிலாளர் கட்சி தொடங்கப்பட்டதும் அதே இடத்தில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பீர் முதலாளிகள், இந்தப் பக்கம் தொழிலாளர் கட்சி, இரண்டு தரப்பின் முன்னும் ஒரே கோப்பை. வரலாறு சில சமயம் நாவலாசிரியனைவிட அப்பட்டமாக எழுதும்.

அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான எமீல் வாண்டர்வெல்டே முதல் உலகப் போருக்குப் பிறகு நீதி அமைச்சரானார். 1919-ல் அவர் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. மதுக்கடைகளில் ஜெனீவர் முதலான வடிசாராயங்களை ஊற்றிக் கொடுக்கக்கூடாது. கடையில் வாங்கிப் போகலாம். ஆனால் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும். சட்டத்தின் நோக்கம் தொழிலாளியைச் சாராயத்திலிருந்து காப்பாற்றுவது. அதில் பொய் இல்லை. ஆலை நகரங்களில் ஜெனீவர் செய்த அழிவு உண்மையானது. ஆனால் அந்த '2 லிட்டர்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு சிறு கோப்பைக்குக் காசு வைத்திருக்கும் கூலிக்காரனால் ஒரே தவணையில் 2 லிட்டருக்குக் கொடுக்க முடியாது. வீடும் அலமாரியும் கையில் மொத்தமாகப் பணமும் உள்ளவன் குடிக்கலாம். ஒரு சோஷலிஸ்ட் கொண்டுவந்த சட்டம் குடியைத் தடுக்கவில்லை. குடியைச் சொத்துள்ளவனின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. மனிதாபிமானத்தோடு எழுதப்பட்ட ஒரு சட்டவிதிக்குள் வர்க்கம் இப்படி ஓர் அளவுப் பாத்திரமாக வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டம் 1983 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல், நடைமுறையில் இருந்தது.

விளைவு பீருக்கு ஆதாயமாக முடிந்தது. கடையில் சாராயம் இல்லை என்றானதும் அந்த வீரியத்தைப் பீரில் கொடுக்கத் தொடங்கினார்கள். 8.5 சதவீத டூவல் 1920-களில் அந்தப் பெயரைப் பெற்றது. வெஸ்ட்மாலே மடத்தின் 9.5 சதவீதப் பொன்னிற ட்ரிப்பெல் 1934-ல் வந்தது. இன்று சேகரிப்பாளன் 'தொன்மையான பெல்ஜியக் கைவினை' என்று அலமாரியில் அடுக்கும் வலுவான பீர்களில் கணிசமானவை ஒரு மதுவிலக்குச் சட்டம் திறந்துவிட்ட சந்தையில் செழித்தவை. மரபு என்பது பெரும்பாலும் அண்மையில் கட்டமைக்கப்பட்டது என்று நாம் வேறு விஷயங்களில் சொல்லிவருவதற்கு இதுவும் ஒரு சாட்சி.

*

சேகரிப்பாளனின் மொழி எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு ஆசிரியன் உண்டு. மைக்கேல் ஜாக்சன் (1942–2007), பாடகர் அல்ல, பத்திரிகையாளர். 1977-ல் அவர் எழுதிய உலக பீர் வழிகாட்டி, பீரை நாடுவாரியாக, வகைவாரியாகப் பிரித்தது. 1991-ல் பெல்ஜியத்தின் சிறந்த பீர்கள் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். பெல்ஜியத்துக்கு வெளியே இந்தப் பீர்களுக்கு வாசகர்கள் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1900-ல் 3,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்த நாடு அது. முதல் போரில் ஜெர்மன் படை செம்பு அண்டாக்களை உருக்கக் கொண்டுபோனது. பிறகு பெரிய ஆலை சிறியதை விழுங்கியது. அப்படி அழிந்துகொண்டிருந்த பல வகைகளைப் பெயர் சொல்லி எழுதியதாலேயே அவர் காப்பாற்றினார் என்று சொன்னால் மிகையில்லை. விமர்சனம் ஒரு பொருளை உயிரோடு வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிறுபத்திரிகைக்காரர்கள் பொறாமைப்படலாம்.

ஆனால் அவருக்குப் பின் வந்த சுவைக்குறிப்பு என்ற எழுத்து வகையைப் பாருங்கள். நிறம், நுரை, முதல் வாசம், நடுநாக்கு, கடைவாயில் மிஞ்சும் கசப்பு, கடைசியில் ஒரு மதிப்பெண். மண் பேசப்படுகிறது, காற்று பேசப்படுகிறது, காட்டு ஈஸ்ட் பேசப்படுகிறது, துறவியின் மௌனம் பேசப்படுகிறது. பேசப்படாதது ஒன்றுதான்: வேலை. மூட்டை தூக்கியவன், போத்தல் கழுவியவள், இரவுப் பணி பார்த்தவன் யாரும் அந்தச் சொல்லாடலுக்குள் நுழைய முடிவதில்லை. ரோலாண் பார்த் 1957-ல் வந்த நூலில் ஒயினைப் பற்றி எழுதியபோது, அந்தத் தேசியப் புராணத்துக்கு அடியில் அல்ஜீரியாவில் பிடுங்கப்பட்ட நிலமும் இருக்கிறது என்பதை நினைவூட்டினார். பீருக்கு அந்த வேலையை யாரும் முழுதாகச் செய்யவில்லை.

செய்யத் தேவையான பொருள்கள் எதிரிலேயே இருக்கின்றன. 2016-ல் யுனெஸ்கோ பெல்ஜிய பீர் கலாச்சாரத்தை மனிதகுலத்தின் புலப்படாப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெல்ஜியத்தின் பீர் வரலாறு பெல்ஜியத்தின் எல்லைக்குள் முடிவதில்லை. பாட்ரிஸ் லுமும்பா 1957-ல் சிறையிலிருந்து வெளிவந்து, இன்று கின்ஷாசா என்றழைக்கப்படும் லியோபோல்ட்வில்லுக்குப் போனபோது, பிராகாங்கோ என்ற பீர் கம்பெனியில் 'போலார்' பீரை விற்கும் வேலையில்தான் சேர்ந்தார். மதுக்கடை மதுக்கடையாகப் போய்ப் போலாரைப் பற்றிப் பேசியவர் அங்கேயே அரசியலும் பேசினார். நகரம் அவரை அறிந்துகொண்டது அப்படித்தான். மூன்றே ஆண்டில் விடுதலையடைந்த காங்கோவின் முதல் பிரதமர். 1961 ஜனவரியில் கொலையுண்டார். பிரஸ்ஸல்ஸின் அன்னத்தைப் போல லியோபோல்ட்வில்லின் மதுக்கடைகளும் அரசியலின் இடங்கள். அலமாரியில் போலாருக்கு இடமில்லை. அது முதிராது என்று தொழில்நுட்பக் காரணம் சொல்லலாம். சரிதான்.

துறவிக்கு வருவோம். 'ட்ராப்பிஸ்ட்' என்ற சொல்லை மடங்களுக்கு வெளியே உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக்கூடாது என்று 1962-ல் கென்ட் வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-ல் மடங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து அறுகோண முத்திரை ஒன்றை உருவாக்கின: மடத்துச் சுவருக்குள் அல்லது அதன் அருகில், துறவிகளின் மேற்பார்வையில் செய்ய வேண்டும், வருமானம் மடத்துக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். ஏற்கத்தக்க விதிகள்தான். ஆனால் 'மேற்பார்வை' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிமேயிலும் வெஸ்ட்மாலேயிலும் அன்றாட வேலை சம்பளத்துக்கு வரும் வெளியாட்களுடையது. போத்தலில் தெரியும் அங்கி ஒரு குறிப்பான் மட்டுமே. 'ஆசிரியன் என்பவன் யார்' என்று ஃபூக்கோ கேட்டதை இங்கே அப்படியே கேட்கலாம். வெஸ்ட்ஃப்ளெட்டெரெனின் செயின்ட் சிக்ஸ்டுஸ் மடம் இரண்டாம் போருக்குப் பிறகு வெளிவிற்பனையைச் சுருக்கிக்கொள்ள விரும்பி, 1946-ல் பக்கத்து ஊரான வாட்டூவில் ஓர் ஆலைக்கு உரிமம் கொடுத்தது. 1992 வரை, அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, உலகம் குடித்த 'செயின்ட் சிக்ஸ்டுஸ்' பீர் வாட்டூவில் காய்ச்சியது. உரிமம் முடிந்ததும் அதே ஆலை, அதே கைகள், 'செயின்ட் பெர்னார்டுஸ்' என்று பெயர் மாற்றித் தொடர்ந்தன. பெயர் போனது, பீர் பெரிதாக மாறவில்லை, மதிப்பு மாறியது. 2005-ல் ரேட்பீர் என்ற மதிப்பெண் பட்டியலில் உலகின் முதலிடம் மடத்துக்குள் காய்ச்சிய வெஸ்ட்ஃப்ளெட்டெரென் 12-க்குப் போனது. அதன் பிறகு மடத்து வாசலில் கார் வரிசை.

அந்தத் துறவிகள் இதை எதிர்கொண்ட விதம் நம் கவனத்துக்குரியது. உற்பத்தியைப் பெருக்கவில்லை, விலையை ஏற்றவில்லை. தொலைபேசியில் பதிவு செய்ய வேண்டும், வண்டி எண் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட அளவுதான், மறுவிற்பனை கூடாது. 2018-ல் நெதர்லாந்தின் ஒரு பல்பொருள் அங்காடி, மடத்தில் 2 யூரோவுக்கும் குறைவான போத்தலைச் சுமார் 10 யூரோவுக்கு விற்றபோது மடம் பகிரங்கமாகக் கண்டித்தது. 2019-ல் பதிவு இணையத்துக்கு மாறியது. கட்டடத்தைப் புதுப்பிக்க ஒரே ஒரு முறை விதியைத் தளர்த்தினார்கள்: 2011-ல் பெல்ஜிய அங்காடிகளிலும் 2012-ல் அமெரிக்கா முதலிய நாடுகளிலும் பொதி கட்டி விற்றார்கள். அமெரிக்காவில் ஆறு போத்தலும் இரண்டு கோப்பையும் சுமார் 85 டாலர். கென்ட் நண்பர் என்னைத் தொடவிடாத 2012 அந்த வருஷத்துக் காய்ச்சல்தான். தேவைக்கு மேல் விற்கமாட்டேன் என்பவனின் மறுப்பே பண்டத்தின் விலையை ஏற்றிவிடுகிறது. மறுப்பைக்கூட சந்தை அபூர்வம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. அபூர்வமும் நிரந்தரமல்ல. அஹெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021-ல் அதன் பீர் ட்ராப்பிஸ்ட் முத்திரையை இழந்தது. முந்தைய வருஷம் வாங்கி வைத்த போத்தல் அலமாரியில் இருந்தபடியே வேறொரு பொருளாகிவிட்டது. உள்ளே இருந்த திரவத்துக்குச் செய்தி தெரியாது.

*

சேகரிப்பாளன் தன்னை எதிர்க்கலாச்சாரக்காரன் என்று கருதுகிறான். ஆலை லாகருக்கும் பகாசுரக் கம்பெனிக்கும் எதிராக நிற்பதாக நம்புகிறான். அந்தக் கம்பெனியும் பெல்ஜியத்தில் வேர் உள்ளதுதான்: இன்டர்ப்ரூவாக இருந்து, 2004-ல் இன்பெவ் ஆகி, 2008-ல் அமெரிக்காவின் ஆன்ஹைசர்-புஷ்ஷை விழுங்கி உலகின் மிகப்பெரிய பீர் கம்பெனியானது. நம்பிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதிர்ப்பு நாக்கோடு நின்றுவிடும்போது என்ன ஆகிறது? 2016-ல் அதே கம்பெனி, சேகரிப்பாளர்கள் கொண்டாடிய ட்ரிப்பெல் கார்மெலீட்டைச் செய்யும் போஸ்டீல்ஸ் ஆலையை வாங்கியது. மதிப்பெண் போட்ட அந்த ரேட்பீரிலும் பங்கு வாங்கி, 2019-ல் முழுதாகவே எடுத்துக்கொண்டது. தீர்ப்பு சொல்கிறவனின் பேனாவும் வாங்கப்பட்டது. கலாச்சார மூலதனம் பொருளாதார மூலதனமாக மாற்றிக்கொள்ளத்தக்கது என்று பூர்தியு சொன்னதற்கு இதைவிட நேரடியான விளக்கவுரை தேவையில்லை.

அதே கம்பெனியின் எதிர்ப்புறத்தில் வேறொன்று நடந்தது. 2010 ஜனவரியில் மேற்கு ஐரோப்பாவில் பத்தில் ஒரு பங்கு வேலைகளை வெட்டப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. பெல்ஜியத்தில் மட்டும் 260-க்கும் மேல். லூவென், ஜுபில், ஹூகார்டன் ஆலைகளின் வாயில்களைத் தொழிலாளர்கள் மறித்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் லாரிகள் போகவில்லை, கடைகளில் சில பீர்கள் தட்டுப்பட்டன. நிர்வாகம் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. அங்கே மறிக்கப்பட்டவை பெரும்பாலும் சேகரிப்பாளன் தொடக்கூட மாட்டாத ஸ்டெல்லாவும் ஜுபிலரும். அதனால்தான் அவனுடைய வரலாற்றில் அந்த இரண்டு வாரத்துக்கு இடமில்லை. இதைத்தான் ரசனையின் குருட்டுத்தனம் என்கிறேன். மோசமான பீரை மோசம் என்று சொல்வதில் தப்பில்லை. அதைச் செய்கிறவர்களும் சேர்ந்து காணாமல் போய்விடுவதுதான் சிக்கல்.

இரண்டும் சந்தித்த ஓர் இடமும் உண்டு. ஹூகார்டன் கிராமத்தின் வெள்ளை பீர் 1950-களில் அழிந்துபோனது. பால்காரரான பியேர் செலிஸ் 1960-களின் நடுவில் அதை மீட்டுக் காய்ச்சினார். 1985-ல் ஆலை தீப்பிடித்தது. பணம் கொடுத்து உதவிய பெரிய கம்பெனியிடம் ஆலையும் போய்ச் சேர்ந்தது. 2005-ல் இன்பெவ் ஹூகார்டன் ஆலையை மூடி உற்பத்தியை ஜுபிலுக்கு மாற்றத் தீர்மானித்தது. ஊரும் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். 2007-ல் தீர்மானம் கைவிடப்பட்டது. ஜுபிலில் அந்த ருசி சரியாக வரவில்லை என்பதும் காரணமாகப் பேசப்பட்டது. ருசி, ஊர், வேலை மூன்றும் ஒரே கோரிக்கையாக ஆன அபூர்வமான சந்தர்ப்பம் அது. நம் இடதுசாரி நண்பர்கள் ரசனையை முதலாளித்துவத்தின் ஆடம்பரம் என்று எழுதித் தள்ளிவிடும்போது இந்த ஆயுதத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். வாண்டர்வெல்டே செய்ததும் அதுவே. தொழிலாளிக்கு நல்லது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளியின் நாக்குக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1991-ல் தொடங்கிய 'நியூ பெல்ஜியம்' என்ற ஆலை, பெயருக்கேற்ப பெல்ஜிய பாணியில் பீர் செய்தது. 2012-ல் அதன் பங்குகள் முழுவதும் தொழிலாளர்களுக்கு உரிமையாயின. கைவினைப் பீர், தொழிலாளர் உடைமை, சூழல் அக்கறை எல்லாம் ஒரே போத்தலில். பல நண்பர்களுக்கு அது ஒரு சிறிய கற்பனாலோகம். 2019-ல் அந்தத் தொழிலாளர்களே வாக்களித்து ஆலையை ஜப்பானின் கிரின் குழுமத்துக்கு விற்றார்கள். கிரினோ அப்போது மியன்மர் ராணுவத்தின் நிறுவனத்தோடு பீர் ஆலையில் கூட்டாளி. ரோஹிங்யா ஒடுக்குமுறையைச் சுட்டி மனித உரிமையாளர்கள் விற்பனையை எதிர்த்தார்கள். கிரின் மியன்மரை விட்டு விலகுவதாக அறிவித்தது 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகுதான். வாக்களித்தவர்களைத் திட்டுவது சுலபம். பல ஆண்டு வேலை பார்த்தவர்களுக்குக் கணிசமான ஓய்வுக்காலப் பணம் கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நாம் எந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது?

பழைய கெஸ் 75 சென்டிலிட்டர் போத்தலில் வருகிறது. ஷாம்பெய்ன் போல் தக்கையும் கம்பியும். திறந்தால் அன்றைக்கே குடித்துவிட வேண்டும். மறுநாள் வாயு போய்விடும், புளிப்பு மட்டும் நிற்கும். ஒருவருக்கு அது அதிகம். பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் காண்ட்டியோன் ஆலையில் இன்றும் வருபவர்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம். அதே ஆலையின் போத்தல்களைத்தான் உலகம் முழுக்க அலமாரிகளில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கென்ட் நண்பரிடமும் இரண்டு இருக்கிறது. 'யாராவது வந்தா தொறக்கணும்னு வச்சிருக்கேன்' என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.